சென்னையில் வீட்டுக்கு வரும் பாலியேட்டிவ் சேவைகள்: பகலில் எல்லாமே நன்றாகத்தான் இருக்கும்

"இனி கீமோ வேண்டாம், வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய் நல்லா பாத்துக்கோங்க" என்று டாக்டர் சொல்லும் நாளில்தான் பெரும்பாலான குடும்பங்கள் பாலியேட்டிவ் கேர் என்ற சொல்லையே தேட ஆரம்பிக்கின்றன. நோயைக் குணமாக்க அல்ல, வலியையும் அவதியையும் தணிப்பதற்கான கவனிப்பு அது. தேடினால் வந்து கொட்டும். ஹோம் நர்சிங், எல்டர் கேர், பெட்சைட் அட்டெண்டர், ஐ.சி.யூ. அட் ஹோம் என்று எந்தப் பெயரில் நடந்தாலும் விளம்பரத்தின் கடைசி வரியில் பாலியேட்டிவ் கேரும் இருக்கும். இந்த விமர்சனம் எந்த ஒரு நிறுவனத்துக்கும் நட்சத்திரம் குத்துவதற்கல்ல. சென்னையில் கிடைக்கும் சேவை எத்தனை தினுசு, எது எதற்கு உதவும், எங்கே கழன்றுகொள்ளும், பணம் கட்டும் முன் எதைக் கேட்க வேண்டும் என்பதற்கு மட்டும்.

முதலிலேயே தீர்ப்பு: பகல் பதினொரு மணிக்கு வைத்துப் பார்த்தால் எல்லா சேவையும் நல்ல சேவைதான். சீருடை, பை, பி.பி. மெஷின், கனிவான பேச்சு எல்லாம் இருக்கும். வித்தியாசம் தெரிவது ராத்திரியில். கடும் வலிக்கான மருந்தான மார்ஃபின் அலமாரியில் இருக்கிறதா, என்ன ஆனால் என்ன செய்வது என்று எழுதிய தாள் இருக்கிறதா, போனை எடுப்பவர் நோயாளியைத் தெரிந்தவரா, விடிவதற்குள் உயிர் பிரிந்தால் சான்று எழுத டாக்டர் வருவாரா. இந்த நான்கும் இல்லாத சேவைக்கு பாலியேட்டிவ் என்று பெயர் வைக்கக் கூடாது. அது ஆள் அனுப்பும் சேவை.

தினுசுகளைப் பார்ப்போம். அரசு தரப்பில் மக்களைத் தேடி மருத்துவம். 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய இந்தத் திட்டத்தை பி.பி., சுகர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுப்பதாக மட்டும் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பிசியோதெரபியும் நோய்த்தணிப்பு சிகிச்சையும் அதில் சேர்த்திதான். காசு கிடையாது. டிரெஸ்ஸிங், கதீட்டர் (சிறுநீர்க் குழாய்) பராமரிப்பு, படுக்கைப் புண் பார்ப்பது ஆகியவற்றுக்கு உங்கள் வார்டு நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் நோயாளியின் பெயரைப் பதிந்து வைப்பதில் நஷ்டமே இல்லை. தனியார் சேவை வைத்திருப்பவர்களும் பதிந்து வைக்கலாம். ஆனால் இது பகல் நேரக் களப்பணி. ராத்திரி மூச்சுத் திணறலுக்கு இதை நம்பி உட்கார முடியாது.

அடுத்தது தொண்டு நிறுவனங்கள். மாத்தூரில் இருக்கும் ஜீவோதயா மாதிரி புற்றுநோயாளிகளைக் கட்டணமின்றித் தங்கவைத்துப் பார்க்கும் ஹாஸ்பிஸ் உண்டு, தி.நகர் ஆர்.எம்.டி. மாதிரி வலி நிவாரணத்துக்கென்றே இயங்கும் அமைப்புகளும் உண்டு. மருந்து ஞானத்தில் இந்த வகைதான் முதலிடம். நாள் முழுக்க இதே நோய், இதே வலி என்று பார்ப்பவர்களின் கை வேறு மாதிரி இருக்கும். குறை என்று சொன்னால் ஆள் பற்றாக்குறை. வீட்டு விசிட் தினமும் கிடைக்காது, படுக்கைக்குக் காத்திருக்க நேரும். அதனால் நோயாளி நடமாடும்போதே போய்ப் பதிவு செய்துகொள்ளுங்கள். கடைசி வாரத்தில் போய் நிற்பதுதான் எல்லோரும் செய்வது.

பெரிய மருத்துவமனைகளின் ஹோம் கேர் பிரிவு மூன்றாவது. ஃபைல் அங்கேயே இருக்கும், டாக்டரும் தெரிந்தவர். இதில் கவனிக்க வேண்டியது பில். விசிட் கட்டணம் தனி, டிரெஸ்ஸிங் சாமான் தனி, தூரத்துக்குத் தனி என்று ஏறும். "பேக்கேஜில் எது எது அடக்கம்" என்று வாட்ஸ்அப்பில் எழுத்தாகவே கேட்டு வாங்குங்கள். நான்காவது, வீட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிகள். அவற்றைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். சொல்ல நிறைய இருக்கிறது.

எந்த வகையானாலும் முதல் விசிட்டிலேயே தரம் தெரிந்துவிடும். பி.பி., சுகர், ஆக்சிஜன் அளவு எழுதிக்கொண்டு இருபது நிமிடத்தில் கிளம்பினால் சந்தேகப்படலாம். நல்ல சிஸ்டர் முதலில் நோயாளியிடம் பேசுவார், மகனிடம் அல்ல. "ஐயா, ஒரு ரூபாய்னா தாங்க முடியாத வலின்னு வச்சுக்கோங்க. இப்ப எத்தனை பைசா?" என்று கேட்பார். பத்துக்கு எத்தனை என்று கேட்டால் விழிக்கும் பெரியவர்கள் இதற்கு டக்கென்று "எழுபத்தஞ்சு பைசாம்மா" என்பார்கள். வலி ஒன்றா இரண்டா, குத்துகிறதா எரிகிறதா, திரும்பினால் கூடுகிறதா என்று தனித்தனியாகக் கேட்பார். எரியும் வலி, கரண்ட் அடிப்பது மாதிரி வலி என்றால் நரம்பு வலி. அதற்கு மார்ஃபின் மட்டும் போதாது, பிரீகாபலினோ அமிட்ரிப்டிலினோ சேர்க்க வேண்டியிருக்கும். அடுத்த கேள்வி மலம் எப்போது போனது. மூன்றாவது, வாயைத் திறந்து டார்ச் அடித்துப் பார்ப்பது. நாக்கில் வெள்ளைப் படலம் இருந்தால் பூஞ்சையாக இருக்கலாம்; "சாப்பாடே வேணாங்கிறார்" என்ற புகாருக்குப் பல நேரம் அதுவும் ஒரு காரணம். இந்த மூன்றையும் செய்தவர் வேலை தெரிந்தவர்.

மார்ஃபின் விஷயத்துக்கு வருவோம். இந்தச் சேவையின் அச்சாணியே அதுதான். தெரு முனை மெடிக்கல் ஷாப்பில் கிடைக்காது. 2014-ல் போதைப்பொருள் சட்டத்தைத் திருத்தி, அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனங்கள் மார்ஃபின், ஃபென்டனில் உள்ளிட்ட அத்தியாவசிய மருந்துகளை வைத்துக் கொடுக்க வழி செய்தார்கள். எனவே நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி: "உங்களுக்கு அந்த அங்கீகாரம் இருக்கா? இல்லன்னா மார்ஃபின் எங்கேருந்து வரும்?" பதில் வழவழவென்று இருந்தால் அவர்கள் வலிக்கு, மார்ஃபினைவிட வீரியம் குறைந்த டிரமடால் வரைக்கும்தான் போவார்கள். டிரமடாலுக்கு நாளொன்றுக்கு 400 மி.கி. என்ற உச்சவரம்பு உண்டு. அதற்கு மேல் வலி இருந்தால் கையைப் பிசைய வேண்டியதுதான்.

கொடுக்கும் முறை எளிது, ஆனால் கடிகாரம் முக்கியம். சாதாரண மார்ஃபின் மாத்திரை அரை மணியில் வேலையைத் தொடங்கும், நான்கு மணி நேரம்தான் தாங்கும். அதனால் காலை 6, 10, மதியம் 2, மாலை 6, ராத்திரி 10. ராத்திரி பத்து மணிக்கு இரட்டை டோஸ் கொடுத்து நடுராத்திரி டோஸைத் தவிர்ப்பது வழக்கம். இதற்கு நடுவே வலி பீறிட்டால் கொடுக்க ஒரு அவசர டோஸ்: நாள் மொத்தத்தில் ஆறில் ஒரு பங்கு. அதாவது 10 மி.கி. வீதம் நாளுக்கு 60 மி.கி. போகிறது என்றால் அவசர டோஸ் 10 மி.கி. ஒரே நாளில் மூன்று முறை அவசர டோஸ் தேவைப்பட்டால் மொத்தம் 90 ஆகிவிட்டது. மறுநாள் வேளைக்கு 15 என்று டாக்டர் உயர்த்துவார். இந்தக் கணக்குக்கு ஒரு நோட்டு வேண்டும். நேரம், டோஸ், கொடுக்கும் முன் எத்தனை பைசா, ஒரு மணி நேரம் கழித்து எத்தனை பைசா. இந்த நோட்டைப் போட்டுக் கொடுத்து, குடும்பத்தில் ஒருவரை உட்காரவைத்து எழுதப் பழக்கும் சேவைக்குக் கண்ணை மூடிக்கொண்டு பணம் கொடுக்கலாம். நோட்டே இல்லாமல் "வலிச்சா ஒண்ணு கொடுங்க" என்று சொல்லிவிட்டுப் போவதுதான் மிகப் பரவலான தவறு. வலி வந்தபின் துரத்திப் பிடிக்க அதிக மருந்து வேண்டும், பாதி நாள் வலியிலேயே போய்விடும்.

இன்னொரு தவறு அக்கம்பக்கத்து கிளினிக்கிலிருந்து வரும். மார்ஃபின் எடுக்கும் நோயாளிக்கு, ராத்திரி வலி என்று கூப்பிட்டதும் பென்டசோசின் என்ற வேறொரு வலி ஊசியைப் போட்டுவிடுவார்கள். அது மார்ஃபினின் இடத்தில் போய் உட்கார்ந்து அதைத் தள்ளிவிடும். வலி குறையாதது மட்டுமல்ல, மார்ஃபினைத் திடீரென்று நிறுத்தினால் வருவது மாதிரி வியர்வை, நடுக்கம் எல்லாம் வரலாம். அதேபோல் தினமும் டைக்ளோஃபினாக் வலி ஊசி போட்டால் கிட்னி தாங்காது. கிட்னி ஏற்கெனவே பலவீனம் என்றால் மார்ஃபினே உடம்பில் தேங்கும். கை கால் வெடுக்வெடுக்கென்று இழுப்பது, பகலெல்லாம் மயக்கம் ஆகியவை அதன் அறிகுறி. சுகரும் கிட்னியும் சேர்ந்த பெரியவர்கள் நம் ஊரில் ஏராளம் என்பதால், கிட்னி நிலையைக் காட்டும் கிரியாட்டினின் ரிப்போர்ட்டைப் பார்க்காமல் டோஸ் எழுதும் டாக்டரிடம் அதை எடுத்து நீட்டுங்கள்.

மார்ஃபின் சீட்டில் மலமிளக்கி இல்லையென்றால் சீட்டைத் திருப்பிக் கொடுத்து எழுதச் சொல்லலாம். குமட்டல் சில நாளில் போகும், தூக்கக் கலக்கம் இரண்டு மூன்று நாளில் போகும், மலச்சிக்கல் மட்டும் மருந்து இருக்கும்வரை இருக்கும். பிசாகோடில் மாதிரி குடலை நகர்த்தும் மருந்து முதல் நாளிலிருந்தே வேண்டும். இசப்கோல் இங்கே உதவாது. தண்ணீர் குடிக்காத நோயாளிக்கு அது உள்ளேயே கெட்டிப்பட்டுவிடும். குடும்பங்கள் மட்டுமல்ல, அனுபவமில்லாத நர்ஸ்களும் சறுக்கும் இடம் ஒன்று இருக்கிறது: ஐந்தாறு நாள் போகாமல் இருந்தவருக்குத் திடீரென்று தண்ணீர் மாதிரி கொஞ்சம் கொஞ்சமாகப் போகும். பேதி என்று நினைத்து நிறுத்த மாத்திரை கொடுத்துவிடுவார்கள். உண்மையில் கெட்டிப்பட்ட மலத்தைச் சுற்றிக்கொண்டு கசிவதுதான் அது. கையுறை போட்டு விரலால் பார்த்தால் அரை நிமிடத்தில் தெரியும். அதைச் செய்யத் தயங்காதவர்தான் நல்ல சிஸ்டர்.

விழுங்க முடியாதவர்களுக்கு, தோலில் ஒட்டும் வலி மருந்தான ஃபென்டனில் பேட்ச். விலை அதிகம், வசதியும் அதிகம், சென்னை வெயிலில் தொல்லையும் அதிகம். ஒட்டி 12 முதல் 24 மணி நேரம் கழித்துத்தான் முழு பலன். அதுவரை பழைய மருந்து தொடர வேண்டும். 72 மணி நேரத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். மார்பின் மேல்பகுதியில், முடி இருந்தால் கத்தரித்து, ஷேவ் செய்யாமல், சோப்புப் போடாமல் வெறும் தண்ணீரில் துடைத்து, நன்றாகக் காய்ந்தபின் ஒட்டி, உள்ளங்கையால் அரை நிமிடம் அழுத்த வேண்டும். ஏப்ரல், மே வியர்வையில் ஓரம் பிரிந்துகொள்ளும். சுற்றிலும் டேப் ஒட்டலாம், தேதியும் நேரமும் அதில் எழுதலாம். வெந்நீர்ப்பை, காய்ச்சல், ஜன்னல் வெயில் எல்லாம் மருந்தை வேகமாக உள்ளே தள்ளும், மயக்கம் கூடும். பழைய பேட்சை எடுக்காமல் புதியதை ஒட்டிவிடுவதும் நடக்கிறது, முதுகுப்பக்கம் ஒட்டியிருந்தால் சொல்லவே வேண்டாம். எடுத்ததை ஒட்டும் பக்கம் உள்ளே மடித்துச் சேவைக்காரர்களிடமே கொடுங்கள். குப்பைக் கூடையில் போட்டால் குழந்தை கையில் கிடைக்கும். மணிக்கு 25 மைக்ரோகிராம் தரும் பேட்ச் ஒன்று, நாளுக்கு 60 முதல் 90 மி.கி. மார்ஃபினுக்கு ஈடு. எனவே இதுவரை வெறும் பாராசிட்டமால் சாப்பிட்டவருக்கு எடுத்த எடுப்பில் அதை ஒட்டுபவரை வீட்டுக்குள் விடாதீர்கள்.

இப்போது ஏஜென்சிகள். இவர்கள் அனுப்புவது பெரும்பாலும் அட்டெண்டர், நர்ஸ் அல்ல. அட்டெண்டர் தேவைதான், அந்த வேலையைக் குறைத்துச் சொல்லவில்லை. துடைத்துவிட, திருப்பிப் படுக்கவைக்க, துணி மாற்ற, ராத்திரி விழித்திருக்க ஒரு ஆள் இல்லாமல் வீட்டில் இருப்பவர்கள் ஒரு மாதம்கூடத் தாங்க மாட்டார்கள். பிரச்சினை, அட்டெண்டரை "ஸ்டாஃப் நர்ஸ்" என்று சொல்லி அனுப்புவதும், அந்தப் பெண்ணை ஊசி போடச் சொல்வதும். நர்ஸ் என்று வந்தால் தமிழ்நாடு நர்சிங் கவுன்சில் பதிவு எண் கேளுங்கள். அட்டெண்டர் என்றால் இரண்டு காரியத்தைச் செய்யச் சொல்லிப் பாருங்கள். ஒன்று, நோயாளியைப் படுக்கையில் மேலே ஏற்றுவது: அக்குளில் கை கொடுத்து இழுத்தால் தோல் உரியும், விரிப்போடு சேர்த்து இருவர் தூக்க வேண்டும். இரண்டு, ரைல்ஸ் டியூபில் (மூக்கு வழியாக வயிற்றுக்குப் போகும் குழாய்) கஞ்சி ஊற்றுவது: தலைப்பக்கம் 30 முதல் 45 டிகிரி உயர்த்தி, ஒரு வேளைக்கு சுமார் 200 மி.லி., சிரிஞ்சை அழுத்தாமல் தானாக இறங்கவிட்டு, முடிந்ததும் கொதித்து ஆறிய தண்ணீர் 30 மி.லி. விட்டு, அரை மணி நேரமாவது அதே நிலையில் வைக்க வேண்டும். படுக்கவைத்தே ஊற்றினால் நுரையீரலுக்குப் போய் நிமோனியா. நேரம் நீடித்து வேலை செய்யும் மார்ஃபின் மாத்திரையைப் பொடித்து டியூபில் விடுவது அதைவிட ஆபத்து. பன்னிரண்டு மணி நேர மருந்து ஒரே மூச்சில் இறங்கிவிடும்.

வாடகைச் சாமான்களில், படுக்கைப் புண் வராமலிருக்கப் போடும் காற்று மெத்தையான ஏர் பெட்டைப் பற்றி ஒரு வார்த்தை. போட்டுவிட்டால் திருப்பவே வேண்டாம் என்று விற்பவர் சொல்வார். வேண்டும், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை, ஏர் பெட்டிலும். மேலே ரப்பர் ஷீட், போர்வை, பழைய புடவை என்று நான்கு அடுக்கு போட்டால் ஏர் பெட் போட்ட பலனே போச்சு. மெல்லிய விரிப்பு ஒன்று போதும். காற்று சரியா என்று பார்க்க, இடுப்புக்கு நேர் கீழே ஏர் பெட்டுக்கும் கட்டில் மெத்தைக்கும் நடுவே கையை விடுங்கள். எலும்பு கையில் இடித்தால் காற்று பத்தவில்லை. கதீட்டர் போட்டிருந்தால் லேட்டக்ஸா சிலிக்கானா என்று கேட்டு எழுதி வையுங்கள்: லேட்டக்ஸ் என்றால் இரண்டிலிருந்து நான்கு வாரத்தில் மாற்ற வேண்டும், சிலிக்கான் பன்னிரண்டு வாரம் வரை தாங்கும். புண்ணில் நாற்றம் இருந்தால் ஊதுவத்தி வேண்டாம். மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துப் புண்ணில் தூவச் சொல்லும் சிஸ்டர் கிடைத்தால் இரண்டு மூன்று நாளில் அறையில் மூச்சு விடலாம். வாய்ப் புற்றுநோய்ப் புண் என்றால் பகலிலும் கொசுவலை. ஈ உட்கார்ந்தால் புழு வைக்கும். கழுத்துப் புண்ணாக இருந்தால் கருஞ்சிவப்பிலோ கரும்பச்சையிலோ நான்கு டவல் தலைமாட்டில் இருக்கட்டும். ரத்தம் பீறிட்டால் வெள்ளைத் துணியில் பார்ப்பதை யாராலும் தாங்க முடியாது. இதைக் குடும்பத்திடம் முன்கூட்டியே சொல்லும் தைரியம் வெகு சிலருக்குத்தான் இருக்கிறது.

காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் கான்சன்ட்ரேட்டர் மெஷின் கரண்ட்டில் ஓடுவது. 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயலில் வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் பக்கமெல்லாம் தண்ணீர் நின்று கரண்ட் இல்லாமல் கிடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அக்டோபரிலேயே ஒரு பி டைப் ஆக்சிஜன் சிலிண்டரை நிரப்பி வீட்டில் வைக்கும் சேவை விவரமானது. நிமிடத்துக்கு 2 லிட்டர் வீதம் அது சுமார் பன்னிரண்டு மணி நேரம் வரும். மருந்தையும் ஒரு வாரத்துக்குச் சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள். ஆனாலும் மூச்சுத் திணறலுக்கு எல்லாம் ஆக்சிஜன்தான் என்றில்லை. ஆக்சிஜன் அளவு சரியாக இருந்தும் திணறுபவருக்கு முகத்துக்கு நேராகச் சின்ன கை ஃபேன், நிமிர்த்தி உட்காரவைத்தல், குறைந்த டோஸ் மார்ஃபின் மூன்றும் சேர்ந்து செய்யும் வேலையை மெஷின் செய்யாது.

கடைசி நாட்களுக்கு வருகிறேன். நல்ல சேவை ஒரு பெட்டியை முன்கூட்டியே கொண்டுவந்து வைக்கும்: மார்ஃபின், குமட்டலுக்கும் குழப்பத்துக்கும் ஹாலோபெரிடால், பதற்றத்துக்கு மிடசோலம், தொண்டையில் கரகரவென்று சத்தம் வந்தால் கிளைக்கோபைரோலேட், தோலுக்கடியில் போட பட்டர்ஃபிளை ஊசி. கூடவே எந்த அறிகுறிக்கு எது என்று தமிழில் எழுதிய தாள். அந்தக் கரகரப்புக்கு சக்ஷன் மெஷின் வைத்து உறிஞ்சுவது நோயாளிக்கு வதை, பலனும் குறைவு. ஒருக்களித்துப் படுக்கவைத்தாலே பாதி அடங்கும். திடீரென்று கத்தி எழுந்து உட்காருபவருக்குத் தூக்க ஊசிக்கு முன் அடிவயிற்றைத் தொட்டுப் பார்க்க வேண்டும், சிறுநீர் அடைத்திருக்கலாம். "குளுக்கோஸாவது ஏத்துங்களேன்" என்று ஊரிலிருந்து வந்த சித்தப்பா சொல்வார். அந்த நிலையில் உடம்பு அதை வாங்காது, காலும் நுரையீரலும்தான் நீர் கோக்கும் என்று அவரை உட்காரவைத்துச் சொல்வதும் சிஸ்டரின் வேலைதான். பால் ஊற்றும் வழக்கத்தை "கூடாது" என்று தடுப்பவரும் உண்டு, கண்டுகொள்ளாமல் விடுபவரும் உண்டு. "ஸ்பூன் வேண்டாம்மா, பஞ்சை நனைச்சு உதட்டுல தொட்டு வைங்க, எல்லாரும் வைக்கலாம்" என்று சொல்பவர்தான் நமக்கு வேண்டும்.

ராத்திரி பயந்து 108-ஐக் கூப்பிட்டால் அவர்கள் தங்கள் வேலையைச் செய்வார்கள். எமர்ஜென்சி, டியூப், வென்டிலேட்டர் என்று நோயாளி வேண்டாம் என்று சொன்ன பாதையிலேயே போகும். நோயாளி தெளிவாக இருக்கும்போதே எந்த சிகிச்சை வேண்டாம் என்று சொல்லும் முன்கூட்டிய மருத்துவ விருப்ப ஆவணம் எழுதி வைக்கலாம். இந்த ஆவணத்துக்கு வழி செய்த 2018 தீர்ப்பில் இருந்த நடைமுறைச் சிக்கலை உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில் தளர்த்திவிட்டது. இரண்டு சாட்சிகளும் நோட்டரி அல்லது கெசடட் அதிகாரி கையெழுத்தும் போதும். அப்புறம் உங்கள் அப்பார்ட்மெண்ட் லிஃப்டில் ஸ்ட்ரெச்சர் நுழையுமா என்றும் அளந்து வையுங்கள். நிறைய லிஃப்டில் நுழையாது.

சேவையின் கடைசிச் சோதனை படிவம் 4ஏ. வீட்டில் இயற்கையாக இறந்தவருக்கு, கடைசி நோயில் சிகிச்சை தந்த டாக்டர் எழுதும் மரணக் காரணச் சான்று அது. பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி அதற்குக் கட்டணம் வாங்கக் கூடாது. அது இல்லாமல் கண்ணம்மாபேட்டையிலோ பெசன்ட் நகரிலோ மயானத்தில் திண்டாட வேண்டும். மாநகராட்சியில் 21 நாளுக்குள் இறப்பைப் பதிவதற்கும் அதுதான் அடிப்படை. சிஸ்டர் கையெழுத்துப் போட முடியாது. நோயாளியைப் பார்த்தே இராத டாக்டர் போட மாட்டார், போடவும் கூடாது. டாக்டர் கிடைக்காமல் உடலை ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போனால் "பிராட் டெட்" என்று பதிவாகி போலீஸ் வரைக்கும் போகலாம். எனவே சேரும் நாளிலேயே கேளுங்கள்: "ராத்திரி ரெண்டு மணிக்குப் போனா 4ஏ யார் எழுதுவாங்க, எவ்வளவு நேரத்துல வருவாங்க?" பெயர் சொல்லிப் பதில் வந்தால் சேருங்கள். "அதெல்லாம் பாத்துக்கலாம் சார்" என்றால் வேறு இடம் பாருங்கள். கண் தானம் செய்வதாக இருந்தால் ஆறு மணி நேரம்தான் அவகாசம். ஃபேனை நிறுத்தி, இமையை மூடி, மேலே ஈரப்பஞ்சு வைத்துவிட்டு கண் வங்கிக்குப் போன் செய்யுங்கள். ரத்தப் புற்றுநோய் போன்ற சிலவற்றைத் தவிர, புற்றுநோயாளிகளும் கொடுக்கலாம்.

காரியம் முடிந்தபின் மிச்சமிருக்கும் மார்ஃபினையும் பேட்சையும் எண்ணிப் பார்த்து, எண்ணிக்கையை நோட்டில் எழுதி, சேவைக்காரர் கையெழுத்தோடு திருப்பிக் கொடுங்கள். கட்டில், ஏர் பெட், கான்சன்ட்ரேட்டர் வாடகை நாள்கணக்கில் ஓடுவதால் மறுநாளே எடுத்துக்கொள்ளச் சொல்லி மெசேஜ் போடுங்கள். டெபாசிட் ரசீதைக் கொடுப்பதற்கு முன் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.